அரிய எலெக்ட்ரிக் கிட்டார்: கேட்கும் விலை நியாயமா?

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவது, விற்பது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். விலை கேட்டு எழுதுபவர்கள் முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் அனுப்பினால் போதாது. மாடல் பெயர், சீரியல் எண், எவையெல்லாம் மாற்றப்பட்டிருக்கின்றன என்ற விவரம் மூன்றும் வேண்டும்.

கேள்வி: 1974-ஆம் ஆண்டு கிப்ஸன் எல்6-எஸ் ஒன்றை 2,800 கனடிய டாலருக்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். மர நிறம், விரல் வைத்து அழுத்தும் பலகை (ஃபிங்கர்போர்டு) மேப்பிள் மரம். கம்பி முறுக்கும் டியூனர்களை மாற்றியிருக்கிறார்கள், பெட்டி இல்லை, ஃபிரெட் (ஃபிங்கர்போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) தேய்ந்திருக்கிறது. என் நண்பர்கள் யாருக்கும் இந்த மாடல் பற்றித் தெரியவில்லை. விலை சரிதானா?
— வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதிகம். எவ்வளவு அதிகம் என்று கணக்குப் போடும் முன், கையில் இருப்பது எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அதிகம் பேசப்படாத மாடல்களில் விலை தப்பிப்போவது பெரும்பாலும் இந்த முதல் படியில்தான்.

எல்6-எஸ் 1973-இல் வந்தது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் வடிவமைப்பில் பேர்போன பில் லாரன்ஸ் கிப்ஸனுக்காக உருவாக்கியது. உடலும் நெக்கும் (கழுத்துப் பகுதி) மேப்பிள், நெக் ஒட்டப்பட்டது. 24 ஃபிரெட் வைத்து கிப்ஸன் செய்த முதல் சாலிட்பாடி (உள்ளே வெற்றிடம் இல்லாத) கிட்டார் இதுதான். 1975-இல் இதற்கு எல்6-எஸ் கஸ்டம் என்று பெயர் மாறியது. கூடவே டீலக்ஸ் என்ற எளிய வடிவமும் வந்தது. டீலக்ஸில் பிக்கப்புகளைத் தேர்ந்தெடுக்கும் ஆறு நிலைச் சுழல் ஸ்விட்ச் கிடையாது. 2011-இல் கிப்ஸன் இந்த மாடலை மறுபடி வெளியிட்டது. இணையத்தில் 'எல்6-எஸ்' என்று தேடினால் இவை எல்லாம் கலந்துதான் வரும். உங்களுக்கு வேண்டியது சுழல் ஸ்விட்ச் உள்ள எழுபதுகளின் கிட்டார் விலை மட்டும். மற்றதைத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து ஆண்டு. விற்பவர் 1974 என்று எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். 1970 முதல் 1975 வரை கிப்ஸன் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் ஆறு இலக்க எண்ணைக் குத்தி, அதன் கீழ் 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று பதித்தது. ஒரே எண் வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து ஆண்டு சொல்ல முடியாது. 1975 முதல் 1977 வரை எண் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டது: 99 என்று தொடங்கினால் 1975, 00 என்றால் 1976, 06 என்றால் 1977. 1977-இலேயே எட்டு இலக்க முறை வந்துவிட்டது. அதில் முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் ஆண்டு, நடுவில் உள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 82765501 என்றால் 1985-இன் 276-ஆவது நாள்.

உங்களுடையது ஆறு இலக்கம் என்றால் பின்மூடியைத் திறந்து பாட்களின் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடைகள்) முதுகில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் நிறுவனத்தின் பாட். அதற்குப் பின் வரும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 1377418 என்றால் 1974-இன் 18-ஆவது வாரம். பாட் செய்த தேதிக்கு முன்னால் கிட்டார் பிறந்திருக்க முடியாது. சில மாதம் பின்னால் இருக்கலாம். மூன்று பாட்களில் ஒன்று மட்டும் எண்பதுகளைச் சேர்ந்தது என்றால் அதை மாற்றியிருக்கிறார்கள். ஈயப்பற்று பளபளப்பாகவும் சுற்றிலும் பழுப்புப் பசையோடும் இருந்தால் அதுவும் அதே கதைதான். விற்பவர் மூடியைத் திறக்க மறுத்தால், உள்ளே எல்லாமே மாற்றியது என்று வைத்துக்கொண்டு விலை சொல்லுங்கள். நான்கு திருகைக் கழற்றுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இந்த மாடலின் உயிர் அந்தச் சுழல் ஸ்விட்ச். கூர்மூக்குக் குமிழ், ஆறு நிலைகள். முதல் நிலையில் இரண்டு பிக்கப்பும் தொடராக. 2-இல் நெக் பிக்கப் மட்டும். 3-இல் இரண்டும் இணையாக. 4-இல் இரண்டும் இணையாக, ஆனால் எதிர்க் கட்டத்தில் (ஒன்றின் அலை மற்றதற்கு நேர் எதிராக). 5-இல் பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கத்துப் பிக்கப் மட்டும். 6-இல் இரண்டும் தொடராக, எதிர்க் கட்டத்தில். ஆம்ப்பை (ஒலிபெருக்கி) சத்தம் குறைத்து வைத்து, சிறிய ஸ்குரூடிரைவரால் ஒவ்வொரு பிக்கப்பையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். 2-இல் நெக் பக்கம் மட்டும் 'டொக்' என்று கேட்க வேண்டும், 5-இல் பிரிட்ஜ் பக்கம் மட்டும். மற்ற நான்கிலும் இரண்டும் கேட்க வேண்டும். 4-லும் 6-லும் ஒலி மூக்கடைத்த மாதிரி மெலிந்து வரும்; அது பழுது அல்ல, அப்படித்தான் வடிவமைத்தார்கள். இது தெரியாமல் 'இரண்டு நிலை வேலை செய்யவில்லை' என்று பேரம் பேசினால் விற்பவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். கரகரவென்று விட்டுவிட்டு வந்தால் கான்டாக்ட் கிளீனர் தெளித்து இருபது முப்பது முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். சுழல் ஸ்விட்சைக் கழற்றிவிட்டுச் சாதாரண மூன்று நிலை ஸ்விட்ச் வைத்திருந்தால் மட்டும் தயங்காமல் பெரிய தொகையைக் கழியுங்கள். அதற்குப் பின் அது எல்6-எஸ் மாதிரி இருக்கிற ஒரு மேப்பிள் கிட்டார், அவ்வளவே.

பிக்கப்புகளுக்கும் இதே எச்சரிக்கை. அவை எபாக்ஸி ஊற்றி அடைக்கப்பட்டவை. சாதாரண ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) செத்தால் கம்பிச்சுருளை மறுபடி சுற்றிக்கொள்ளலாம். இதைப் பிரித்து எடுப்பதே பெரிய வேலை. ஒன்று செத்திருந்தால் அதே காலத்துப் பழைய பிக்கப்பைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

இனி விலை. கேட்கும் விலைகளைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். ஈபேயில் 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டால் கடந்த 90 நாள் விற்பனை தெரியும். விலையின் மேல் கோடு போட்டிருந்தால் அதைவிடக் குறைவாக, பேரத்தில் போயிருக்கிறது என்று பொருள். வாத்தியங்கள் விற்கும் ரிவெர்ப் தளத்திலும் விற்று முடிந்தவற்றைத் தனியாகப் பார்க்கலாம். அரிய மாடலுக்கு 90 நாளில் இரண்டு மூன்று விற்பனைதான் கிடைக்கும். எனவே இரண்டு இடத்திலும் சேர்த்து எட்டுப் பத்துச் சேரும்வரை பின்னோக்கிப் போங்கள். மிக உயர்ந்த ஒன்றையும் மிகத் தாழ்ந்த ஒன்றையும் விட்டுவிடுங்கள். மிக உயர்ந்தது பெரும்பாலும் ஒரு பிரபல வாத்தியக்காரர் கைபட்டதாகவோ, பெட்டியும் ரசீதுமாகத் துடைத்து வைத்ததாகவோ இருக்கும். அமெரிக்க டாலரைக் கனடிய டாலராக மாற்றவும் மறக்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாக நினைத்து எழுதும் கடிதங்கள் இங்கே நிறைய வருகின்றன.

கணக்குக்காக, மிஞ்சியவை 1,900-க்கும் 2,400-க்கும் இடையில் நிற்கின்றன, நடு மதிப்பு 2,150 கனடிய டாலர் என்று வைத்துக்கொள்வோம். இதிலிருந்து கழிக்க வேண்டியவை:

டியூனர்: பழைய திருகுத் துளைகளிலேயே பொருந்துகிற மாற்று என்றால் பெரிய இழப்பில்லை, 75 போதும். ஹெட்ஸ்டாக்கின் பின்னால் புதுத் துளை போட்டிருந்தாலோ, குழியை அகலப்படுத்தியிருந்தாலோ 175. மாற்றிய டியூனரைக் கழற்றினால்தான் சில துளைகள் தெரியும். விளிம்பில் பழைய டியூனரின் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள்.

பெட்டி இல்லாததற்கு 150.

ஃபிரெட்: இங்கேதான் உங்கள் கிட்டார் மற்றவற்றிலிருந்து விலகுகிறது. எபனி (கருங்காலி) ஃபிங்கர்போர்டு என்றால் பழைய ஃபிரெட்டைப் பிடுங்கிப் புதியதை அடித்தால் முடிந்தது. உங்களுடையது லாக்கர் என்ற மினுக்குப் பூச்சு பூசிய மேப்பிள். ஃபிரெட்டைப் பிடுங்கும்போது லாக்கர் பெயரும். ஃபிங்கர்போர்டைத் தேய்த்தால் மறுபடி பூச வேண்டும். அதற்கு நாளும் கூலியும் கூடும், தவிர 24 ஃபிரெட். உங்கள் ஊர்ப் பட்டறையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இங்கே 600 என்று வைக்கிறோம். ஆனால் 600 முழுவதையும் கழிக்கக் கூடாது. நீங்கள் ஒப்பிட்ட கிட்டார்களும் ஐம்பது வருடத்துப் பழையவை. அவற்றின் ஃபிரெட்டும் ஓரளவு தேய்ந்தே இருந்திருக்கும், அது அந்த விலையிலேயே அடங்கிவிட்டது. பாதி, 300 கழியுங்கள். ஒப்பிட்டவற்றில் 'புது ஃபிரெட்' என்று எழுதியிருந்தால் மட்டும் முழுத்தொகை. ஃபிரெட்டின் உயரம் 0.75 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் தேய்த்துச் சமப்படுத்தி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆக, டியூனருக்குப் புதுத் துளை போட்டிருக்கிறது என்றே வைத்தால், 2,150-இல் 175, 150, 300 போக 1,525. முதல் பேச்சாக 1,400 சொல்லலாம்; 1,600-க்கு மேல் போக வேண்டாம். பிக்கப், சுழல் ஸ்விட்ச், பிரிட்ஜ் மூன்றும் அசலாக இருந்தால்தான் இதுவும். முதல் சில ஆண்டுகளில் வந்தவற்றில் ஹார்மோனிக்கா பிரிட்ஜ் என்று சொல்லும் அகலமான செவ்வகப் பிரிட்ஜ் இருக்கும். அதற்குப் பதில் வேறு ஒன்றை வைக்க உடலில் புதிதாகத் துளையிட்டிருந்தால் இன்னும் கழியும்.

கேள்வி: 'இந்தியாவிலேயே இது ஒன்றுதான் இருக்கிறது, அதனால் இந்த விலை' என்கிறார் விற்பவர். இதற்கு என்ன பதில் சொல்வது?
— வாசகர், சென்னை

பதில்: 'அதை வாங்க இந்தியாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?' என்று கேளுங்கள்.

அரிது என்பதால் மட்டும் விலை ஏறாது. தேடுகிற ஆள் வேண்டும். கிப்ஸன் 1975-இல் கொண்டுவந்த மராடர், 1980-இல் கொண்டுவந்த சோனெக்ஸ் இரண்டும் கிப்ஸனின் புகழ்பெற்ற மாடலான லெஸ் பாலைவிட எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனால் அதே காலத்து லெஸ் பால் விலையில் ஒரு பகுதிக்குத்தான் போகின்றன. இரண்டிலும் போல்ட் நெக் (ஒட்டாமல் திருகால் மாட்டிய நெக்), சோனெக்ஸில் மர நடுப்பகுதியைச் சுற்றிச் செயற்கைக் கலவையில் வார்த்த உடல். அப்போதே வாங்க ஆளில்லை என்பதால்தான் குறைவாகச் செய்தார்கள். நாளை நீங்கள் விற்கப் போகும்போதும் அதே நிலைதான்.

உள்ளூரில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வெளிநாட்டில் அதே கிட்டார் விற்ற விலை, விமானக் கட்டணம், காப்பீடு, சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் கூட்டி உங்கள் வீட்டு வாசலுக்கு வர எவ்வளவு ஆகுமோ, அதற்கு மேல் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. நேரில் வாசித்துப் பார்த்து வாங்குகிற வசதிக்கு ஐந்து பத்து சதவீதம் கூடக் கொடுங்கள், தப்பில்லை. கீழ்வரம்பு வேறு: உள்ளூரில் வாங்க ஆள் குறைவு என்பதால், அவசரத்துக்கு விற்கிறவர் வெளிநாட்டு விலைக்கும் கீழே இறங்கி வருவார். இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கே நிற்கும் என்பது, விளம்பரம் எத்தனை மாதமாக அப்படியே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓஎல்எக்ஸில் அதைப் பார்த்துவிட்டுப் பேசப் போங்கள்.

கேள்வி: கிரெக்கோ என்ற ஜப்பானியப் பெயரில், லெஸ் பாலின் நகல் ஒன்று வந்திருக்கிறது. 'லாசூட் காலத்துக் கிட்டார்' என்று சொல்லி இரண்டு மடங்கு கேட்கிறார்கள். அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பா?
— வாசகர், பெங்களூரு

பதில்: பெயருக்கு மதிப்பு கொடுக்காதீர்கள், மாடல் எண்ணுக்குக் கொடுங்கள்.

'லாசூட்' என்றால் வழக்கு. அது 1977-இல் கிப்ஸனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மீது போட்டது. தகராறு ஹெட்ஸ்டாக்கின் வடிவம் பற்றி. 1978-இல் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். கிரெக்கோ, கண்டா ஷோக்காய் நிறுவனம் ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்காக வைத்திருந்த பெயர். அந்த வழக்கில் கிரெக்கோ இல்லவே இல்லை. இப்போது எழுபதுகளின் எந்த ஜப்பானிய நகலுக்கும் இந்தச் சொல்லை ஒட்டிவிடுகிறார்கள்.

உண்மையில் விலையைத் தீர்மானிப்பது வேறு. அந்தக் காலத்து ஜப்பானிய மாடல் எண்ணில் பட்டியல் விலையே ஒளிந்திருக்கிறது. கிரெக்கோ ஈஜி-500 என்றால் புதிதாக 50,000 யென், ஈஜி-1000 என்றால் 1,00,000 யென். டோக்காய் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனத்தின் எல்எஸ்-80 என்றால் 80,000 யென். அன்றைக்கு இரண்டு மடங்கு விலை என்றால் மரம், பிக்கப், பைண்டிங் (விளிம்புப் பட்டை), வேலைப்பாடு எல்லாமே ஒரு படி மேல். இன்றைய விலையும் ஏறத்தாழ அதே வரிசையில்தான் நிற்கிறது. ஆகவே விற்பவர் 'கிரெக்கோ' என்று மட்டும் சொன்னால் அது விலை பேசப் போதிய தகவலே இல்லை.

கிரெக்கோவின் சீரியல் எண் ஓர் எழுத்தில் தொடங்கும்: ஏ ஜனவரி, பி பிப்ரவரி, இப்படியே எல் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. எஃப்78 என்று தொடங்கினால் 1978 ஜூன். மாட்சுமோட்டோவில் இருந்த ஃபுஜிகென் ஆலை ஐபனெஸுக்கும் கிரெக்கோவுக்கும் செய்துகொடுத்தது. எழுபதுகளின் நடுவிலிருந்து இரண்டிலும் இதே முறைதான். எண்ணே இல்லாதவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை. அப்படிப்பட்ட பழைய நகல்களில் பல போல்ட் நெக், மேல் பலகை வளைத்த பிளைவுட், அடியில் வெற்றிடம். வயது கூட, விலை குறைவு. 'இது இன்னும் பழசு' என்பதற்கு மயங்க வேண்டாம். உடலின் மேற்புறத்தை விரல் கணுவால் தட்டினால் பெட்டியைத் தட்டுகிற சத்தம் வரும். பின்புறம் திருப்பினால் நான்கு திருகும் ஒரு தகடும் இருக்கும். இரண்டும் இருந்தால் நெக் ஒட்டிய 1978 கிரெக்கோவின் விலையைப் பேசவே கூடாது.

கேள்வி: யமஹா எஸ்ஜி2000 என்று சொல்கிறார்கள். எஸ்ஜி1000-ஐ அப்படிச் சொல்லி விற்பதாகவும் கேள்விப்படுகிறேன். வேறுபாடு எப்படித் தெரியும்?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஹெட்ஸ்டாக்கில் டிரஸ் ராடு (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு) மூடியில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். சின்னத் திருகைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும்.

1976-இல் வந்த எஸ்ஜி2000-இல் நெக் மரம் உடலின் கடைசிவரை இடையில் முறியாமல் ஓடும். இருபுறமும் மஹோகனிச் சிறகுகளை ஒட்டியிருப்பார்கள். எஸ்ஜி1000-இல் நெக்கை உடலில் ஒட்டியிருப்பார்கள். பின்புறம் ஊடு தெரிகிற ஃபினிஷ் என்றால், நெக்கில் உள்ள கோடுகள் வார் மாட்டும் குமிழ்வரை போகின்றனவா என்று பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். முழுக் கறுப்பு என்றால் கோடு மறைந்துவிடும். அப்போது பிக்கப்பைத் தூக்கி, குழியின் உள்ளே மரச் சேர்க்கையைப் பாருங்கள். எஸ்ஜி2000-இன் பிரிட்ஜுக்கு அடியில் கனமான பித்தளைத் தகடு புதைத்திருக்கும். தராசில் வைத்தால் 4 கிலோவைத் தாண்டுவது சாதாரணம்.

விலைக் கணக்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. இப்படி உடலின் ஊடே ஓடும் நெக்கில் முறிவோ முறுக்கலோ வந்தால் நெக்கை மட்டும் மாற்ற வழியில்லை. போல்ட் நெக் கிட்டாரில் இதே பழுதுக்குக் கழிப்பதைப் போல இரண்டு மடங்கு கழியுங்கள்.

கேள்வி: ஆம்ப் இல்லாத வீட்டில் கிட்டாரைப் பார்க்கப் போகிறேன். பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
— வாசகர், மதுரை

பதில்: ஒரு மல்டிமீட்டரும் ஒரு கிட்டார் கேபிளும் போதும்.

கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகுங்கள். வால்யூமையும் டோனையும் முழுக்கத் திறந்து வையுங்கள். மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, கேபிளின் மறுமுனையில் மீட்டரின் ஒரு கம்பியை நுனியிலும் இன்னொன்றை உலோகத் தண்டிலும் தொடுங்கள். ஃபெண்டரின் ஸ்டிராட் மாடலில் வரும் வகைச் 'சிங்கிள் காயில்' (ஒற்றைச் சுருள்) பிக்கப் பொதுவாக 5.5 முதல் 7 கிலோ ஓம் காட்டும். ஹம்பக்கர் 7 முதல் 9. அறுபதுகளின் சில பிக்கப்புகள் 4-இலும் நன்றாகப் பாடும். ஆகவே எண்ணின் அளவைவிட, எண் நிலையாக நிற்கிறதா என்பது முக்கியம்.

மீட்டர் எல்லை தாண்டினால், அளவை 2 மெகா ஓம்முக்கு மாற்றிப் பாருங்கள். 250 அல்லது 500 கிலோ ஓம் பக்கம் நின்றால் நீங்கள் அளப்பது வால்யூம் பாட்டை மட்டும்தான். பிக்கப்பின் சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. கடற்கரை ஊர்க் கிட்டார்களில் இது அடிக்கடி வரும். மயிரிழைக் கம்பி உப்புக்காற்றில் பச்சை பூத்து, சுருள் தொடங்குகிற இடத்தில் அறும். பூஜ்யம் காட்டினால் வால்யூம் மூடியிருக்கிறது, அல்லது ஜாக்கில் கம்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜாக் பழுது சில நூறு ரூபாய் வேலை. எதிர்பார்த்ததில் பாதி காட்டினால் முதலில் குமிழ்களை இழுத்துப் பாருங்கள், 'காயில் ஸ்பிளிட்' (ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் ஒலிக்க விடுவது) போட்டபடி இருக்கலாம். அளக்கும்போது பிக்கப்பை மெல்ல அழுத்துங்கள், கேபிளை ஆட்டுங்கள். எண் குதித்தால் எங்கோ பற்று விட்டிருக்கிறது.

பேட்டரி போட்ட கிட்டார்களுக்கு இந்தச் சோதனை உதவாது. உதாரணமாக, 1977-இல் கிப்ஸன் வெளியிட்ட ஆர்டி ஆர்ட்டிஸ்ட்டில் மூக் நிறுவனத்தின் சர்க்யூட் பலகை உள்ளே இருக்கும். மீட்டர் அதன் வெளிவாயை மட்டுமே பார்க்கும். அப்படிப்பட்டதை ஆம்ப் இல்லாமல் வாங்கவே வேண்டாம். பலகை செத்தால் மாற்றுப் பலகை தேடுவது கிட்டார் தேடுவதைவிடச் சிரமம்.

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த என் பெரியப்பா அறுபதுகளில் கொண்டுவந்த எலெக்ட்ரிக் கிட்டார் பரணில் இருந்தது. தலையில் பெயர் இல்லை. பின்னால் தகட்டில் 'ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்' என்று இருக்கிறது. நான்கு பிக்கப். சுத்தம் செய்து விற்கலாமா? என்ன விலை சொல்வது?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சுத்தம் செய்யாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம். ஸ்டீல் வூல் போட்டுத் தேய்த்தால் இரும்புத் தூள் பிக்கப் காந்தத்தில் அப்பிக்கொண்டு வரவே வராது. உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

நீங்கள் சொல்லும் தகடு டெயிஸ்கோ, கவாய் போன்ற ஜப்பானிய ஆலைகளின் கிட்டார்களில் காணப்படுவது. டெயிஸ்கோவை 1967-இல் கவாய் வாங்கியது. ஒரே கிட்டார் கடைக்கொரு பெயரில் விற்பனையானது. ஒட்டிய பெயர்ப்பட்டை உதிர்ந்தால் பெயரில்லாததாகிவிடும். ஹெட்ஸ்டாக்கில் இரண்டு ஆணித் துளையோ பசைத் தடமோ இருக்கிறதா பாருங்கள்.

விலையை மூன்று விஷயம் முடிவு செய்யும். முதலாவது பிக்கப். முகத்தில் தங்க நிறத் தாள் தெரிகிற 'கோல்டு ஃபாயில்' வகை என்றால் மதிப்பு அதில்தான். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஸ்டிராட்டில் டெயிஸ்கோ கோல்டு ஃபாயில் பிக்கப் ஒன்றைப் பொருத்தி வாசித்ததிலிருந்து அவற்றைத் தேடி அலைகிறார்கள். நான்கும் உயிரோடு இருந்தால் பிக்கப்புகள் தனியே போகும் விலை முழுக் கிட்டார் விலையைத் தாண்டவும் கூடும். அதற்காகப் பிரித்து விற்கச் சொல்லவில்லை. வாங்க வருகிறவர் அந்தக் கணக்கோடுதான் வருவார், நீங்களும் அதைத் தெரிந்து வைத்திருங்கள்.

இரண்டாவது நெக். உள்ளே இரும்புச் சட்டம் இருக்கிறது என்றுதான் அந்தத் தகடு சொல்கிறது, அதைத் திருகி நேராக்கலாம் என்று சொல்லவில்லை. ஹெட்ஸ்டாக்கில் டிரஸ் ராடைத் திருகும் நட் இல்லை என்றால் வளைந்த நெக்கைச் சரிசெய்வது பெரிய வேலை. முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஆறாவது (மிகத் தடித்த) கம்பியை ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது ஃபிரெட்டின் மேல் இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு சரி. ஒரு ரூபாய் நாணயமே நுழைந்தால் அது வாசிக்கிற கிட்டார் அல்ல, சுவரில் மாட்டுகிறது. அதற்கேற்பத்தான் விலை வரும்.

மூன்றாவது, சின்னச் சின்ன அசல் பாகங்கள்: ட்ரெமோலோக் கைப்பிடி, பிரிட்ஜ் மூடி, ராக்கர் ஸ்விட்ச்களின் முகப்பு. பரணில் இன்னொரு முறை தேடுங்கள். அந்தக் கைப்பிடியைத் தனியாக வாங்கப் போனால் கிடைக்காது.

கேள்வி: விற்பவர் 'ஒரிஜினல் கறுப்பு' என்கிறார். மறு பெயின்ட் என்று எனக்குச் சந்தேகம். கண்டுபிடித்தால் எவ்வளவு குறைக்கலாம்?
— வாசகர், கோவை

பதில்: பழைய கிட்டார்ச் சந்தையில் மறு பெயின்ட் என்றால் ஏறத்தாழ பாதி விலை, நெடுநாளாக இருந்துவரும் வழக்கம் இது. ஹெட்ஸ்டாக் ஒடிந்து ஒட்டியதற்கும் அதையொட்டியே கழிப்பார்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் வாசிக்க மட்டும் வாங்குங்கள், மறு விற்பனையை மறந்துவிடுங்கள்.

குத்திய சீரியல் எண்ணின் பள்ளத்தைப் பாருங்கள். அசலில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். மேலே பூசியிருந்தால் பள்ளம் நிரம்பி வழுவழுப்பாகிவிடும். பிக்கப் குழிக்குள், பாட் குழிக்குள் வேறு நிறம் எட்டிப் பார்க்கிறதா? திருகுத் துளைகளுக்குள் பெயின்ட் இறங்கியிருக்கிறதா? நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் பூசிய ஐம்பது வருடக் கிட்டாரில் மெல்லிய விரிசல் கோடுகள் இருப்பது இயல்பு. ஒன்றுகூட இல்லாமல் கண்ணாடியாக இருந்தால் சந்தேகப்படலாம். விளக்கை அணைத்துவிட்டு யுவி டார்ச் அடித்தால் பழைய லாக்கர் மங்கலான பச்சை கலந்து ஒளிரும். புதிதாகத் தொட்ட இடம் கறுத்தோ வேறு நிறமாகவோ தனித்து நிற்கும். நட்டுக்கு (நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் சேரும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பின்னால், ஹெட்ஸ்டாக் வளைகிற இடத்தில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடத்தில் மட்டும் லாக்கர் இளகி வடுவாகியிருந்தால் அது மறு பெயின்ட் அல்ல. நைட்ரோவுக்கும் ரப்பருக்கும் ஆகாது. சின்னக் கழிவோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: பாரிஸில் இருக்கும் உறவினர் 1964 கிட்டார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். 'பிரேசில் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு' என்று விலையைக் கூட்டிச் சொல்கிறார்கள். வாங்கிக் கொண்டுவரலாமா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: மரம் உண்மையிலேயே பிரேசில் ரோஸ்வுட் என்றால், அந்த மரத்துக்காகவே தாள் வேலை வரும். 1992 முதல் அது, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-இல் கொடுத்த விலக்கு மற்ற ரோஸ்வுட் வகைகளுக்குத்தான், இதற்கு இல்லை. ஆகவே பாரிஸில் அந்த மரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலை உங்களுக்குச் சுமையாகத்தான் வரும். பத்திரம் விற்பவர் கையில் இருந்தால் மட்டும் பேசுங்கள்.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஃபெண்டரும் கிப்ஸனும் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறின. நம் ஊர் ஈட்டி மரம்தான் அது. 1970-ஐ ஒட்டிய கிட்டாருக்கு யாராவது 'பிரேசில்' என்று விலை ஏற்றினால், நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது.

கேள்வி: பத்து நிமிடம்தான் பார்க்க விடுவேன் என்கிறார். எதை முதலில் பார்ப்பது?
— வாசகர், திருச்சி

பதில்: நட்டுக்குப் பின்னால் ஒடிவுக் கோடு. பிறகு ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து நெக்கை நீளவாக்கில் பார்த்து முறுக்கல் உண்டா என்பது. அடுத்து பிரிட்ஜ்: அது அடிவரை இறங்கியிருந்தும் 12-ஆவது ஃபிரெட்டில் ஆறாவது கம்பி 2 மில்லிமீட்டரைவிட நிறைய உயரமாக நின்றால், ஒட்டிய நெக் கிட்டாரை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். பின் முதல் கம்பியிலும் ஆறாவது கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக அழுத்தி வாசியுங்கள். எது செத்து ஒலிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிரஸ் ராடு மூடியைத் திறந்து ராடைத் திருகும் நட்டின் முனை மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும், உரிமையாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஸ்விட்ச், குமிழ், சீரியல் எண் படம் எல்லாம் கடைசியில்.

கம்பியைக் கழற்றி வைத்திருப்பவர்களும் உண்டு. 10-46 (தடிமன் அளவு) கம்பி ஒரு செட் கையோடு கொண்டுபோங்கள். கம்பி இழுக்காத நெக் எப்போதும் நேராகத்தான் தெரியும். அதைப் பார்த்து விலை சொல்ல வேண்டாம்.